சப் கலெக்டரா, ஆர்.டி.ஓ.வா? குமரி மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தக்கலைப் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒருவர் அரசு அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் 'பெறுநர்' என்ற சொல்லுக்குக் கீழேயே பேனா நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் "சப் கலெக்டருக்கு எழுதுங்க" என்பார். நாகர்கோவிலில் இருக்கும் உறவினரிடம் கேட்டால் "அது ஆர்.டி.ஓ. பார்க்கிற வேலையாச்சே" என்பார். செல்போனில் தேடினால் டெபுடி கலெக்டர் என்று மூன்றாவதாக ஒருவர் வந்து நிற்பார். யார் பெரியவர், யாரிடம் போனால் வேலை நடக்கும் என்று குழம்பி, "எதற்கு வம்பு" என்று எல்லா மனுவையும் கலெக்டருக்கே எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மனு கலெக்டர் அலுவலகத்தில் பதிவாகி, படிப்படியாகக் கீழே இறங்கி, முதலிலேயே போயிருக்க வேண்டிய மேசைக்கு வந்து சேரும். நடுவில் போன வாரங்கள் போனவைதான்.

வங்கி வேலைக்கு வந்தவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி ஊரில் வீடு கட்டுகிறவர்கள் என எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால் இங்கே புழங்கும் ஆங்கிலப் பதவிப் பெயர்களை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படி எழுதுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். சப் கலெக்டர் என்ற பெயரைத்தான் விரிவாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றவை பெரிய கஷ்டமில்லை.

முதல் படி: உங்கள் ஊர் எந்தக் கோட்டம்?

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள். பிற்பாடு திருவட்டாறும் கிள்ளியூரும் தனித் தாலுகாக்கள் ஆனதால் இப்போது ஆறு. இந்த ஆறும் இரண்டு வருவாய் கோட்டங்களுக்குள் வரும். கிழக்கே அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் நாகர்கோவில் கோட்டம். மேற்கே மீதி நான்கும் பத்மநாபபுரம் கோட்டம்.

புதியவர்கள் தடுமாறுவது பெயர்களில்தான். மாவட்டத்தின் பெயர் கன்னியாகுமரி, ஆனால் தலைநகரம் நாகர்கோவில். கன்னியாகுமரி என்ற பெயரில் தாலுகாவே கிடையாது. முக்கடல் கூடும் அந்த ஊர் அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்தது. அகஸ்தீஸ்வரம் தாலுகா ஆபீஸ் எங்கே என்று அகஸ்தீஸ்வரத்தில் போய்த் தேடக் கூடாது, அது நாகர்கோவிலில் இருக்கிறது. கல்குளம் தாலுகா ஆபீஸ் தக்கலையில், விளவங்கோட்டுக்கு குழித்துறையில், தோவாளைக்கு பூதப்பாண்டியில்.

இதோடு ஊராட்சி ஒன்றியங்கள் வேறு ஒன்பது இருக்கின்றன. அகஸ்தீஸ்வரம், தோவாளை, திருவட்டாறு, கிள்ளியூர் என்ற பெயர்கள் இரண்டு பட்டியலிலும் வரும். ஒன்றியம் வேறு, தாலுகா வேறு. குருந்தன்கோடு ஒன்றியம், ராஜாக்கமங்கலம் ஒன்றியம் என்றெல்லாம் உண்டு. அந்தப் பெயரில் தாலுகா இல்லை. நிலம், சான்றிதழ் என்றால் தாலுகா. கிராமச் சாலை, தெருவிளக்கு, குடிநீர் என்றால் ஒன்றியம், பேரூராட்சி அல்லது நகராட்சி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் தாலுகா எது என்று அஞ்சல் முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். தபால் ஆபீஸ் எல்லையும் தாலுகா எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பட்டாவில் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் என்று மூன்று வரி இருக்கும். அதுதான் நம்பிக்கையான ஆதாரம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பட்டா நகலைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.

இரண்டாவது படி: பலகையில் இருக்கும் பெயரைப் படிப்பது

ஒரு வருவாய் கோட்டத்துக்கு ஒரே ஒரு தலைமை அதிகாரிதான். அந்த நாற்காலியில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்கார்ந்தால் அவர் பெயர் சப் கலெக்டர், தமிழில் சார் ஆட்சியர். மாநிலப் பணியைச் சேர்ந்த டெபுடி கலெக்டர் உட்கார்ந்தால் அவர் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய் கோட்டாட்சியர். வேலை ஒன்று, அதிகாரம் ஒன்று, கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பும் ஒன்று. வந்த வழி மட்டும் வேறு.

பத்மநாபபுரத்தில் சப் கலெக்டர் என்ற பெயரும் நாகர்கோவிலில் ஆர்.டி.ஓ. என்ற பெயரும் மக்கள் வாயில் ஊறிப்போனவை. அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், நாகர்கோவில் உறவினர் இருவருமே அவரவர் ஊர் வழக்கப்படி சரியாகவே சொன்னார்கள். அப்படியானால் டெபுடி கலெக்டர் யார்? அது ஒரு பதவிநிலை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு எழுதி நேரடியாக அந்த நிலைக்கு வருகிறவர்கள் உண்டு. தாசில்தாராக இருந்து பதவி உயர்வில் வருகிறவர்களும் உண்டு. அந்த நிலையில் இருப்பவரை எந்த நாற்காலியில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவர் பலகை மாறும். ஒரு கோட்டத்துக்குப் பொறுப்பாக வைத்தால் ஆர்.டி.ஓ.

ஐ.ஏ.எஸ். தேர்ச்சி பெற்று மாவட்டப் பயிற்சிக்கு வருகிறவர் முதலில் உதவி ஆட்சியர், பயிற்சி என்று இருப்பார். அதற்கு அடுத்துப் பொறுப்பேற்கும் முதல் தனி நாற்காலி பெரும்பாலும் சப் கலெக்டர். ஆக, தக்கலையில் சப் கலெக்டர் அறைக்குள் போகும்போது மிக இளைய வயது அதிகாரி உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தாசில்தார் நிலையிலிருந்து உயர்ந்த ஆர்.டி.ஓ. என்றால் தலை நரைத்திருக்கும், எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். மனுதாரருக்கு இருவரிடமும் நல்லதுண்டு என்பது என் எண்ணம். ஐ.ஏ.எஸ். என்பதால் கூடுதல் அதிகாரம், ஆர்.டி.ஓ. என்பதால் குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கோட்டாட்சியர் ஆபீஸையும், அதே 'ஆர்.டி.ஓ. ஆபீஸ்' என்ற பெயரில் மக்கள் சொல்லும் இன்னோர் ஆபீஸையும் குழப்புவது. லைசென்ஸ், வண்டிப் பதிவு பார்ப்பவர் கோட்டாட்சியர் இல்லை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர். ஆங்கிலத்தில் கோட்டாட்சியர் RDO, போக்குவரத்து அலுவலர் RTO என்று நடு எழுத்து வேறு, தமிழ் வாயில் இரண்டும் ஒரே ஓசை. நாகர்கோவிலின் 74, மார்த்தாண்டத்தின் 75 என்று வண்டி நம்பர் கொடுக்கிற அலுவலகங்கள் அவை. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "ஆர்.டி.ஓ. ஆபீஸ்" என்றால் அவர் உங்களை லைசென்ஸ் எடுக்கிற இடத்தில்தான் கொண்டுபோய் இறக்குவார். "கோட்டாட்சியர் ஆபீஸ்" என்று சொல்லுங்கள், பிரச்சினை இல்லை.

இரண்டாவது, 'சப்' என்று தொடங்கும் எல்லாரும் சப் கலெக்டருக்குக் கீழே இருப்பவர்கள் என்ற நினைப்பு. சார்பதிவாளர் என்னும் சப் ரிஜிஸ்ட்ரார் பதிவுத் துறைக்காரர். பத்திரப்பதிவும் வில்லங்கச் சான்றும் அவரிடம். சப் கலெக்டர் அவருக்கு மேலதிகாரி இல்லை. அதேபோல தக்கலைக்கு அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் ஏதோ குறை என்று சப் கலெக்டருக்கு எழுதினாலும் பயன் குறைவு. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை.

மூன்றாவது படி: எந்த வேலைக்கு எந்த நாற்காலி

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லாம் தொடங்குவது கிராம நிர்வாக அலுவலரிடம். எல்லாரும் வி.ஏ.ஓ. என்றே சொல்வார்கள். அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. இவர்கள் இருவரும் விசாரித்து அறிக்கை கொடுப்பவர்கள். கேரளத்திலிருந்து களியக்காவிளை தாண்டி இங்கே குடிவருகிறவர்கள் முதலில் திகைப்பது இதில்தான். அங்கே வில்லேஜ் ஆபீசரே வருமானச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். இங்கே வி.ஏ.ஓ. பரிந்துரைதான் செய்வார், சான்று தருவது தாலுகா ஆபீஸில் இருக்கும் துணை வட்டாட்சியர். ஆகவே வி.ஏ.ஓ.விடம் போய் "சர்டிபிகேட் கொடுங்க" என்று வாக்குவாதம் செய்வதில் அர்த்தமில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. இருவரையும் கடந்து உரியவருக்குப் போகும்.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் ஒருவர் மட்டும் இல்லை. தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர், மண்டலத் துணை வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், ரேஷன் கார்டு பார்க்கும் வட்ட வழங்கல் அலுவலர் என்று ஒரு கூட்டமே இருக்கும். முதியோர் உதவித்தொகைக்குத் தனி வட்டாட்சியர். ஸ்பெஷல் தாசில்தார் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது சாதாரணத் தாசில்தாரைவிடப் பெரியவர் போலத் தோன்றும். அப்படி இல்லை, ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தனியாக வைக்கப்பட்டவர், அவ்வளவுதான்.

சாதிச் சான்றிதழில் பதவிப் பெயரின் அருமை நன்றாகத் தெரியும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால் துணை வட்டாட்சியர் கையெழுத்து. ஆதிதிராவிடர் என்றால் தாசில்தார். பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் இருக்கும் காணிக்காரர் குடும்பத்துப் பிள்ளை கல்லூரியில் சேரச் சான்றிதழ் கேட்டால், அதில் போடப்படுவது பத்மநாபபுரம் சார் ஆட்சியரின் கையெழுத்தாக இருக்க வேண்டும். வேறு அதிகாரி கொடுத்த சான்று செல்லாது என்று கல்லூரியில் திருப்பி அனுப்பினால் ஒரு வருடப் படிப்பே போய்விடும். சான்றிதழ் கைக்கு வந்ததும் கீழே கையெழுத்துப் போட்டவரின் பதவிப் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பட்டா விவகாரமும் இப்படித்தான் ஏணி ஏறும். உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் என்றால் மண்டலத் துணை வட்டாட்சியரோடு முடியும். உட்பிரிவு உண்டு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாசில்தார் உத்தரவு வேண்டும். தாசில்தார் கொடுத்த உத்தரவு உங்களுக்குப் பாதகமா? 1983ஆம் வருடத்து பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். அவருக்கும் மேலே சீராய்வுக்கு மாவட்ட வருவாய் அலுவலர், டி.ஆர்.ஓ. இந்த ஏணியில் கலெக்டர் பெயர் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நேராகக் கலெக்டரிடம் பட்டா மேல்முறையீடு கொடுத்தால் அதை எதிர்மனுதாரரின் வக்கீல் முதல் வாய்தாவிலேயே கையில் எடுத்துக்கொள்வார்.

சப் கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. நாற்காலிக்கு இன்னொரு முகமும் உண்டு. அவர் சப் டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்டும் கூட, தமிழில் உட்கோட்ட நிர்வாக நடுவர். இரண்டு தரப்பு சண்டை போட்டுக்கொண்டு ஊரில் அமைதி கெடும் என்ற நிலையில் இரு தரப்பையும் கூப்பிட்டு சமாதானக் கூட்டம் நடத்துவது, நன்னடத்தைப் பிணை வாங்குவது எல்லாம் இந்தத் தொப்பியோடு. கலெக்டருக்கும் இதேபோல மாவட்ட நடுவர் என்ற இரண்டாவது பெயர் உண்டு. முன்பு 144 தடை உத்தரவு என்று பழக்கப்பட்டிருந்தது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு ஆகியிருக்கிறது. பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் பதிவு செய்யாமல் விட்ட பிறப்பைப் பதியவும் இந்த நடுவர் உத்தரவுதான் தேவை. பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் 2007ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்டுப் போக வேண்டிய தீர்ப்பாயத்தின் தலைவரும் இவரே. அதன் மேல்முறையீடு மட்டும் கலெக்டரிடம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்க, தனியாக வீட்டில் கிடக்கும் முதியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இந்த ஒரு வரியை அவர்களுக்குத் தெரியப்படுத்தினாலே புண்ணியம்.

நான்காவது படி: ஏமாற்றும் பெயர்கள்

கலெக்டர் அலுவலகத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படும் பலகைகளில் ஒன்று பி.ஏ. ஜெனரல், அதாவது ஆட்சியரின் நேர்முக உதவியாளர், பொது. பி.ஏ. என்றதும் டைப் அடிக்கிற, போன் எடுக்கிற ஆள் என்று நினைத்து "கலெக்டர் எப்ப வருவாருங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் டெபுடி கலெக்டர் நிலை அதிகாரி, அதாவது ஆர்.டி.ஓ.வுக்குச் சமமானவர். அலுவலகத்தின் பெரும்பகுதிப் பிரிவுகள் அவர் பார்வையில்தான் ஓடும். இதேபோல வேளாண்மைக்கென்று ஒரு நேர்முக உதவியாளர் உண்டு. மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மேடையில் கோப்புகளோடு இருப்பவர் அவர்.

பொறியாளர்கள் வரிசையிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. அசிஸ்டென்ட் என்ஜினியர், அதற்கு மேல் அசிஸ்டென்ட் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியர், அதற்கு மேல் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியர். தமிழில் உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர். நடுவில் இருப்பவரின் பெயர் நீளமாக, இரண்டு அடைமொழியோடு இருப்பதால் கீழே உள்ளவர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கரண்ட் பிரச்சினைக்கு முதலில் உதவிப் பொறியாளர், சரியாகாவிட்டால் உதவி செயற்பொறியாளர். கால்வாய்த் தண்ணீர் என்றால் கோதையாறு வடிநிலக் கோட்டம். அங்கேயும் கோட்டம் என்ற சொல் வரும், ஆனால் அது தண்ணீர்க் கோட்டம், வருவாய் கோட்டத்தோடு சம்பந்தமில்லை.

ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர், இன்னொருவர் வட்டார ஊராட்சியைப் பார்ப்பவர். உங்கள் பஞ்சாயத்து தெருவிளக்கு, குப்பை பற்றி எழுதுவதானால் முதலாமவருக்கு. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையர். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. பழைய ரசீதுகளில் நகராட்சி ஆணையர் என்று இருக்கும், புதிய மனுவில் மாநகராட்சி ஆணையர் என்று எழுதுங்கள். கர்நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே டெபுடி கமிஷனர் என்றால் கலெக்டர். இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் வணிகவரித் துறை ஆளையோ மாநகராட்சி ஆளையோ காட்டுவார்கள்.

போலீஸிலும் வருவாய்த் துறைக் கதைதான். உட்கோட்டத்துக்கு ஐ.பி.எஸ். அதிகாரி வந்தால் ஏ.எஸ்.பி., மாநிலப் பணி அதிகாரி வந்தால் டி.எஸ்.பி. நாற்காலி ஒன்றே.

சில பெயர்கள் கொஞ்ச நாளைக்கு மட்டும் இருக்கும். ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கை, நடக்கும் நாட்களில் ஒவ்வொரு தாலுகாவுக்கும் ஒரு ஜமாபந்தி அலுவலர் நியமிக்கப்படுவார். ஒரு தாலுகாவில் கலெக்டரே உட்காரலாம், இன்னொன்றில் டி.ஆர்.ஓ., வேறொன்றில் சார் ஆட்சியர். உங்கள் ஊர்க் கணக்கு எடுக்கப்படும் நாளில் வி.ஏ.ஓ. தன் கணக்குப் புத்தகங்களோடு அங்கேயே இருப்பார் என்பதால் நிலம் சம்பந்தமான மனுவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. தேர்தல் வந்தால் இதே அதிகாரிகள் தேர்தல் நடத்தும் அலுவலர் ஆகிவிடுவார்கள். அப்போது சான்றிதழ், பட்டா வேலைகள் மெதுவாகும். யாரையும் நொந்து பயனில்லை.

நிலம் வாங்கப் போகிறவர்கள் பழைய பத்திரங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். 1956க்கு முந்தையவை பல மலையாளத்தில் இருக்கும், பதவிப் பெயர்களும் திருவிதாங்கூர்ப் பெயர்கள். வருவாய் கிராமத்துக்குப் பகுதி என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்ட பார்வத்தியக்காரர் இன்றைய வி.ஏ.ஓ. இடத்தில் இருந்தவர். கலெக்டர் என்ற பதவி கிழக்கிந்தியக் கம்பெனி 1772இல் வரி வசூலுக்காக வங்காளத்தில் உண்டாக்கியது. திருவிதாங்கூரில் மேலே திவான், அதற்கும் முன்னால் தளவாய். தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் ஆவதற்கு முன்னால் மாவேலிக்கரையில் காரியக்காரராக இருந்தார். அது பின்னாளில் தாசில்தார் என்று ஆன வேலை. பத்திரத்தில் காரியக்காரர் என்ற பெயரைப் பார்த்தால் யாரோ கோயில் ஊழியர் என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் மலையாளம் தெரிந்த பத்திர எழுத்தரிடம் முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்தாவது படி: எழுதும் முறை

மனு நாற்காலிக்கு எழுதப்படுவது, ஆளுக்கு அல்ல. அதிகாரியின் பெயரை எழுத வேண்டிய தேவையே இல்லை. பெயர் எழுதி, அவர் அடுத்த வாரமே மாற்றலாகிப் போனால் தபால் அவர் பின்னாலேயே போனாலும் போகும். தமிழில் இப்படி எழுதினால் போதும்:

பெறுநர்
சார் ஆட்சியர் / வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
பத்மநாபபுரம் கோட்டம்,
தக்கலை.

நடுவில் சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதுவது நல்ல பழக்கம். இன்று ஐ.ஏ.எஸ். இருந்து நாளை டெபுடி கலெக்டர் வந்தாலும் மனு செல்லும். கோட்டத்தின் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 'தி சப் கலெக்டர்' என்று முன்னால் 'தி' போட்டு, அடுத்த வரியில் பத்மநாபபுரம் டிவிஷன் என்று எழுதுவார்கள். 'மிஸ்டர் சப் கலெக்டர்' என்று எழுதக் கூடாது, 'டியர் கலெக்டர்' என்றும் தொடங்கக் கூடாது. சர், மேடம் என்று தொடங்கினால் போதும். ஐ.ஏ.எஸ். என்பது பணியின் பெயர், பதவியின் பெயர் அல்ல. ஆகவே 'ஐ.ஏ.எஸ். அவர்கள், தக்கலை' என்று உறையில் எழுதினால் தபால்காரர்தான் பாவம்.

மாண்புமிகு என்ற அடைமொழியை அதிகாரிகளுக்குப் போடாதீர்கள். அது அமைச்சர்களுக்கு. நீதிபதிகளுக்கு மாண்பமை. அதிகாரிக்கு உயர்திரு என்றோ வெறும் 'அவர்கள்' என்றோ இருந்தால் மரியாதை நிறைவாகவே இருக்கிறது. மனுவின் தொடக்கத்தில் ஐயா அல்லது அம்மா. யார் இருக்கிறார் என்று தெரியாவிட்டால் 'ஐயா/அம்மா' என்று இரண்டையும் எழுதுங்கள். நேரில் பேசும்போது விளவங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் "சாரே" என்று கூப்பிடுவது காதுக்கு மலையாளமாகக் கேட்கும். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை, யாரும் தப்பாக எடுப்பதுமில்லை. கோர்ட்டில் 'மை லார்ட்' சொல்ல வேண்டுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்திய பார் கவுன்சில் 2006இல் சேர்த்த விதிப்படி கீழமை நீதிமன்றங்களில் சர் என்றோ அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லையோ சொன்னால் போதும். "ஐயா" என்று சொல்லிவிட்டுப் பேசலாம்.

நகல் விஷயத்தில் தாராளம் வேண்டாம். தாசில்தாருக்கு எழுதி, நகல் ஆர்.டி.ஓ., டி.ஆர்.ஓ., கலெக்டர், முதலமைச்சர் தனிப்பிரிவு என்று நீளமாகப் பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. எல்லா நகலும் கடைசியில் அதே தாசில்தாரிடம்தான் அறிக்கை கேட்டு வரும், அவர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வைப்பார். ஒருபடி மேலே இருப்பவருக்கு ஒரு நகல், அது போதும். அரசு ஊழியர் என்றால் மேலதிகாரி வழியாக, அதாவது 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்ற வரி கட்டாயம்.

கலெக்டரையே பார்த்தாக வேண்டும் என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகலாம். மீனவர்களுக்குத் தனிக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் பதிவு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகர வேண்டாம். அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரையும் கையெழுத்தும் கேளுங்கள். முகம் சுளித்தாலும் போட்டுத் தருவார்கள்.

ஆறாவது படி: வந்த பதிலைப் படிப்பது

உத்தரவு வந்ததும் நடுப்பக்கத்தைத் தேடி ஓடாமல் மேலிருந்து படியுங்கள். முதல் வரியில் 'பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அவர்களின் செயல்முறை ஆணைகள்' என்பது போல இருக்கும். அதற்குக் கீழே 'முன்னிலை' என்று போட்டு, திரு அல்லது திருமதி என்று ஓர் ஆளின் பெயர். ஆங்கில உத்தரவு என்றால் 'ப்ரொசீடிங்ஸ் ஆஃப் தி சப் கலெக்டர்', கீழே 'ப்ரெசென்ட்'. நாற்காலி முதலில், அன்றைக்கு அதில் உட்கார்ந்திருந்தவர் அடுத்து. பெயருக்குப் பின்னால் இ.ஆ.ப. என்று இருந்தால் ஐ.ஏ.எஸ். அதிகாரி. பி.எஸ்சி., எம்.ஏ. என்று படிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் மாநிலப் பணி அதிகாரி, தலைப்பிலும் வருவாய் கோட்டாட்சியர் என்று இருக்கும். அதற்கும் கீழே ந.க. எண், அதாவது கோப்பு எண். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது இந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பிரிவு, எந்த எழுத்தர் என்று உடனே காட்டிவிடுவார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

கடைசியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். 'மாவட்ட ஆட்சியருக்காக' என்று போட்டு வேறு ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் அது போலி இல்லை. அந்த அலுவலகத்தில் அதற்கென்று அதிகாரம் கொடுக்கப்பட்டவர் ஆட்சியர் சார்பில் அனுப்புகிறார் என்று பொருள். 'பொறுப்பு' என்று பதவிப் பெயரோடு சேர்ந்திருந்தால், அந்த நாற்காலி காலியாக இருந்து வேறு அதிகாரி கூடுதலாகப் பார்க்கிறார். அவர் போடும் உத்தரவும் முழு உத்தரவுதான். "பொறுப்பு அதிகாரிதானே, புது ஆள் வரட்டும்" என்று மேல்முறையீட்டு நாளைத் தவறவிடாதீர்கள்.

பதிலே வரவில்லையா? 2005ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இங்கே இன்னொரு பதவிப் பெயர் தேவை: பொதுத் தகவல் அலுவலர். பெறுநர் பகுதியில் 'பொதுத் தகவல் அலுவலர், சார் ஆட்சியர் அலுவலகம், பத்மநாபபுரம் கோட்டம், தக்கலை' என்று எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் கட்டண ஸ்டாம்பு ஒட்டி, உங்கள் மனுவின் தேதியையும் பதிவு எண்ணையும் போட்டு, அதன் மேல் எடுத்த நடவடிக்கை நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை அந்த மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.